விழுந்த சீட்டை எண்ணினால் தப்பா?

ரம்மி தெரியாத டிப்ளமோ மாணவர் உண்டா? (காசு வைத்து இல்லை, வார்டன் சார் தவறாக நினைக்க வேண்டாம்!) ஆட்டின் ஆறும் எட்டும் கையில் வைத்து ஏழுக்காகக் காத்திருக்கிறீர்கள். இரண்டு கட்டு ஆட்டத்தில் அந்த ஏழு இரண்டே இரண்டுதான். இரண்டும் விழுந்தாச்சு என்று ஞாபகம் வைத்திருக்கிறவன் எட்டை இறக்கிவிடுவான். மற்றவன் காத்திருந்து ஃபுல் கொடுப்பான்.

இதே ஞாபகசக்திதான் அமெரிக்க கேசினோக்களை ஆட்டிப் படைத்தது. அங்கே பிளாக்ஜாக் என்றொரு ஆட்டம். 21-ஐத் தாண்டாமல் டீலரை முந்த வேண்டும். டீலருக்குச் சொந்த மூளை கிடையாது. 16 வரை சீட்டு எடுத்தே தீர வேண்டும். ஆகவே கட்டில் பெரிய சீட்டுகள் மிச்சமிருந்தால் அவர் 21-ஐத் தாண்டிக் கவிழ வாய்ப்பு அதிகம். நமக்கோ முதல் இரண்டு சீட்டிலேயே 21 விழலாம். அதற்கு 100 கட்டினால் 150 பரிசு.

இதை ஐ.பி.எம். 704 கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு, 1962-ல் புத்தகமாகவே போட்டுவிட்டார் எட்வர்ட் தோர்ப் என்ற கணித ஆசிரியர். பிறகு வந்த சுலப முறை இது: 2 முதல் 6 வரை விழுந்தால் +1, பத்து, படச்சீட்டு, ஏஸ் விழுந்தால் -1. கூட்டுத்தொகை ஏறினால் பந்தயத்தையும் ஏற்று. அவ்வளவுதாங்க!

கேசினோக்காரன் சும்மா இருப்பானா? 1964-ல் லாஸ் வேகாஸில் விதியை இறுக்கினார்கள். ஆடுகிறவர்கள் ஒதுங்கவே, சில வாரத்தில் பழைய விதிக்கே திரும்பினார்கள். அப்புறம்தான் புத்திசாலித்தனமான வேலை: கட்டைக் கூட்டினார்கள். ஒரு கட்டில் முதலிலேயே ஒரு ஏஸ் விழுந்தால் அடுத்த ஏஸுக்கான வாய்ப்பு 7.69 சதவீதத்திலிருந்து 5.88-க்கு இறங்கும். எட்டுக் கட்டு கலந்தால் 7.47-தான்! கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். பின்னால் வந்த மெஷின், விழுந்த சீட்டை உடனே உள்ளே இழுத்துக் கலந்துவிடும், எண்ணுவதற்கே ஒன்றுமில்லை. பல மேஜைகளில் 150 பரிசும் 120 ஆனது.

எண்ணுவது குற்றமா? கென் உஸ்டன் என்ற ஆட்டக்காரரின் வழக்கில், எண்ணுகிறார் என்பதற்காக கேசினோ ஒருவரை வெளியேற்ற முடியாது என்று 1982-ல் நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் உச்ச நீதிமன்றம் அதற்கு முன்பே, 1968-ல், செகந்தராபாத் கிளப் ஒன்றின் வழக்கில் ரம்மியைத் திறமை ஆட்டம் என்றது. விழுந்த சீட்டை நினைவில் வைக்க வேண்டியிருப்பதும் ஒரு காரணம். மூணு சீட்டு மட்டும் வெறும் அதிர்ஷ்டம்!

அந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டுதான் செல்போன் ரம்மி கம்பெனிகள் வளர்ந்தன. செஞ்சி பஸ்ஸில் துண்டு விரித்து ஆடினால் நாலு ஆட்டத்தில் ஊர் வந்துவிடும், எழுந்துவிடலாம். செல்போனில் ஊர் வருவதே இல்லை. கடனாகிப் பலர் உயிரை விட்டதால், 2022-ல் நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் தமிழக அரசு சட்டம் போட்டது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மி திறமை ஆட்டம், அந்தத் தடைக்குள் வராது என்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டத்தையும் தடை செய்தது. திறமையா, அதிர்ஷ்டமா என்ற கேள்விக்கே அந்தச் சட்டத்தில் இடமில்லை.