கணக்கில் வல்லவன், கூட்டத்தில் தனியன்

மாகறல் போன்ற சிற்றூர்ப் பள்ளியிலும் இத்தகைய சிறுவனைக் காணலாம்: கணக்கை நொடியில் விடுவிப்பான், மணியோசை கேட்டால் செவி பொத்துவான், எவரோடும் கூடி விளையாடான். 'திமிர்' என்பர் சிலர். அது ஆட்டிசமாகவும் இருக்கலாம், துணியவேண்டியவர் மருத்துவர்.

மதிப்பெண் மிகுந்தவனுக்கு உதவி எதற்கு என்பது பிழை. 1904இல் உதவித்தொகை பெற்றுக் கும்பகோணம் கல்லூரியில் சேர்ந்த இராமானுஜன், கணிதத்திலேயே மனம் ஊன்றிப் பிற பாடங்களில் தவறி அதனை இழந்தார். அவருக்கு ஆட்டிசம் என்பதன்று. ஒருதுறைப் பேராற்றலும் ஆதரவின்றேல் இடறும் என்பதே கருத்து.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் உள்ளடக்கியது; தேவைக்கேற்ற வசதி தருதலைப் பள்ளியின் கடமையாக்கியது. பெற்றோர் தலைமையாசிரியருக்கு எழுத்தில் விண்ணப்பிக்கலாம். வட்டார வள மையச் சிறப்பாசிரியரை நாடலாம். அமைதியான இருக்கையும், மாற்றங்களை முன்னரே அறிவித்தலும் பெருந்துணை.

உங்கள் கடமை எளிது: நகையாதீர், அருகில் இடம் தாருங்கள்.