ஒரு 'கு' போதும், ஊரே இடம் மாறிவிடும், தெரியுமா?

குத்தம்பாக்கத்துப் பிள்ளை ஒருத்தி ஆங்கிலத்தில் 'என் ஊர்' கட்டுரை எழுத உட்காருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பூந்தமல்லி தாண்டி, பெங்களூரு நெடுஞ்சாலைப் பக்கம் இருக்கிற ஊர், திருவள்ளூர் மாவட்டம். முதல் வரியில் 'இன் த வெஸ்ட் ஆஃப் சென்னை' என்று எழுதினால் என்ன ஆகும் தெரியுமா? வயல், ஏரி, தெரு எல்லாவற்றோடும் ஊர் கிளம்பிப்போய் மாநகராட்சிக்குள், வளசரவாக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துவிடும்! 'டு த வெஸ்ட் ஆஃப் சென்னை' என்று எழுதினால்தான் அது தன் சொந்த இடத்தில் நிற்கும்.

இதில் பெரிய ஆச்சரியம், இந்த இலக்கணம் அவள் வாயிலேயே இருப்பதுதான்! 'சென்னைக்கு மேற்கே' என்றால் ஊர் வெளியே, 'சென்னையின் மேற்கில்' என்றால் உள்ளே. 'கு' வந்தால் 'டு', 'இல்' வந்தால் 'இன்'. தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு எழுதினால் போதும். எல்லை ஒட்டியிருந்தால் 'ஆன்' போடலாம்: திருவள்ளூர் மாவட்டத்துக்கு வடக்கு எல்லை ஆந்திரம், ஆகவே 'ஆன் த நார்த்'.

'மேற்கே போ' என்பதில், 'சென்னைக்கு' என்பதில் வருகிற 'கு' உருபு இருக்கிறதா? இல்லை. ஆங்கிலத்திலும் 'டு' கிடையாது, வெறும் 'கோ வெஸ்ட்'! நம் பிள்ளைகள் பலர் தவறவிடும் இடம் இதுதான். வேலூர், பெங்களூரு என்று மேற்கே போகிற பேருந்துகளுக்காகத்தான் குத்தம்பாக்கத்தில் புதிய முனையம் திட்டமிடப்பட்டது. அந்தப் பேருந்து 'வெஸ்ட்பவுண்ட்', மேற்கு நோக்கிப் போவது. ஆனால் 'வெஸ்ட் விண்ட்' மேற்கிலிருந்து வருவது! அதே வெஸ்ட், நேர் எதிர்த் திசை! காற்றுக்கு மட்டும் புறப்பட்ட இடம்தான் பெயர். நாமும் அப்படித்தானே? வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து வந்தால் தென்றல். அக்டோபரில் நம் ஏரிகளுக்கு உயிர் கொடுக்க வருகிற மழைக்கும் வடகிழக்குப் பருவமழை என்றுதானே பெயர்!

இன்னொன்று கேளுங்கள். ஆங்கிலேயருக்கு வடக்கு 'அப்', தெற்கு 'டவுன்'. நமக்கோ மேற்குதான் மேல், கிழக்குதான் கீழ்! சொல்லுக்குள்ளேயே நிலத்தின் சரிவு இருக்கிறது. குத்தம்பாக்கத்துக்கு அருகில் செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பினால் உபரிநீர் எங்கே போகிறது? அடையாற்றில் இறங்கி, கிழக்கே, கடலுக்கு. வரைபடம் பார்க்காமலே தண்ணீர் அகராதி சொல்கிறது! அதனால்தான் 'மேலத் தெரு' என்பதை 'அப்பர் ஸ்ட்ரீட்' என்று எழுதக்கூடாது. மதுரையில் மேல மாசி வீதி ஆங்கிலத்தில் 'வெஸ்ட் மாசி ஸ்ட்ரீட்', கீழ மாசி வீதி 'ஈஸ்ட் மாசி ஸ்ட்ரீட்'.

மேற்கே இருக்கிற மலைக்கு அந்தப் பக்கம் போனால் வியப்பு இரட்டிப்பாகிறது. கேரளத்தில் மலை கிழக்கே, கடல் மேற்கே. மேற்கை மேல் என்று சொல்ல அங்கே வழியில்லை. மலையாளத்தில் மேற்குக்குப் பெயர் 'படிஞ்ஞாறு', ஞாயிறு படிகிற திசை! ஆனால் கிழக்கு மட்டும் அங்கேயும் கிழக்குதான். மழைக்காலத்தில் மலையிலிருந்து இறங்கிக் குட்டநாட்டை மூழ்கடிக்கிற வெள்ளத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் தெரியுமா? 'கிழக்கன் வெள்ளம்'!