ஆறு இருந்தும் மாடு இழுத்த ஆலை

ஓடும் நீர் சக்கரத்தைத் தள்ள, சக்கரத்தின் அச்சு திரிகைக் கல்லைச் சுழற்றினால் அது நீராலை. இமயமலைக் கிராமங்களில் கராட் என்ற பெயரில் இன்றும் சில குடும்பங்கள் இதை ஓட்டுகின்றன. சிங்கப்பூரின் தேக்காவிலோ ரோச்சோர் ஆறு பக்கத்திலேயே ஓடியும், 19ஆம் நூற்றாண்டில் கோதுமை அரைக்கவும் எள் ஆட்டவும் மாடுகளைத்தான் பூட்டினார்கள். பொறி நுட்பம் தெரியாததால் என்று சொல்லிவிடுவது எளிது. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து நொடிக்கு 100 லிட்டர் நீர் விழுந்தால் கிடைப்பது ஏறக்குறைய 1 கிலோவாட், அதிலும் சக்கரத்தில் வீணாவது போக மிச்சம்தான். ஆகவே ஆற்றில் நீர் இருந்தால் போதாது, அது விழவும் வேண்டும். சிங்கப்பூரின் உச்சியான புக்கித் தீமா குன்றே 164 மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. ரோச்சோரின் கீழ்ப்பகுதி கடல் ஏறி இறங்கும் தாழ்நிலம். அந்தக் கடலேற்றத்தையே தேக்கி ஆலை ஓட்டியிருக்கலாமே என்று கேட்பது நியாயம்தான். இங்கிலாந்தில் ஈலிங் என்ற ஊரில் அப்படியோர் ஆலை இருக்கிறது. ஆனால் அதற்குக் குளமும் மதகும் கட்ட வேண்டும், கட்டினாலும் நீர் வடியும் சில மணி நேரம்தான் அரவை.

மாட்டுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. எள் ஆட்டும் செக்கில் உரல் அசையாது. அதன் குழியில் சாய்ந்து நிற்கும் உலக்கையை ஒரு நீண்ட கட்டையோடு பிணைத்து, கட்டையில் பாரம் ஏற்றி, மாட்டை வட்டமாக நடத்துவார்கள். உலக்கை எள்ளைக் குழிச்சுவரோடு வைத்து நசுக்கும். வெறுமனே நசுக்கினால் எண்ணெய் சரியாகப் பிரியாது. கருப்பட்டியும் ஒரு கை தண்ணீரும் தெளித்த பிறகே எள்விழுது இறுகி எண்ணெயை விடும். (ஆறு ஓட்டாத ஆலைக்கும் அந்த ஒரு கைத் தண்ணீர் இல்லாமல் ஆகாது.) மிஞ்சும் பிண்ணாக்கு மாட்டுக்குத் தீனி, கோதுமைத் தவிடும் அப்படியே. ஆலையே தன்னை இழுக்கும் விலங்குக்குத் தீனி போட்டது. ரோச்சோர் கரையின் ஈரநிலமோ புல்லும் எருமை புரளச் சேறும் தந்தது. நீர் சக்கரத்தைச் சுற்றாவிட்டாலும் மாட்டின் வழியாக அதே வேலையைச் செய்தது என்றே எண்ணுகிறேன்.

அதனால் இவ்வட்டாரத்து ஆலைக் குடும்பங்களின் வரலாற்றைத் தேடுபவர் இயந்திரத்தைத் தேடுவதற்கு முன் மாட்டு வணிகத்தைத் தேட வேண்டும். இங்குள்ள இடப்பெயர்களே அதைச் சொல்கின்றன: கண்டாங் கெர்பாவ் என்றால் மலாயில் எருமைக் கொட்டில். லெம்பு என்றால் மாடு. பெலிலியோஸ் சாலைக்குப் பெயர் தந்தவர் கல்கத்தாவிலிருந்து வந்த கால்நடை வணிகர். தெருப்பெயர் கொட்டிலுக்குத்தானே சான்று, ஆலைக்கு எப்படி என்று மறுக்கலாம். மறுப்பு சரியானதே. பெயர்கள் தேட வேண்டிய இடத்தை மட்டுமே காட்டுகின்றன. மற்றதைப் பழைய நாளிதழ் விளம்பரங்களிலும் நகராட்சிப் பதிவுகளிலும்தான் பார்க்க வேண்டும். அங்கும் ஆலைக்காரர் பெயர் அகப்படாத இடத்தில் பிண்ணாக்கு வாங்கியவர் பெயர் அகப்படலாம்.