பேமியன் காலமும் ஓர் இலையின் சரிதமும்

1912 ஆம் ஆண்டு தை மாதத்தில் தென்முனையை அடைந்த ஆங்கிலக் கடற்படைத் தலைவர் ஸ்கொற்றும் தோழர் நால்வரும், மீளும் வழியிலே மாண்டனர். அவர்தம் இறுதிக் கூடாரத்தைக் கார்த்திகையிற் கண்டோர், மூவர் உடல்களோடு 35 இறாத்தல் நிறையுள்ள கற்களையும் கண்டனர். உயிருக்குப் போராடிய வேளையிலும் அச்சுமையை அவர்கள் எறிந்திலர். அக்கற்களில் நாக்குப் போன்ற இலையொன்றின் சுவடு பதிந்திருந்தது. தாவரவியலறிஞர் சீவாட் 1914 இல் அதனைக் குளொசொப்தெரிசு என இனங்கண்டார்.

பனி மூடிய அந்தாட்டிக்காவில் மரம் வளர்ந்தவாறு எங்ஙனம்? இதற்கு விடை பேமியன் காலத்தில் உளது. ஏறத்தாழ 29 கோடியே 90 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 25 கோடியே 20 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிவெய்திய இக்காலத்திற்கு, உருசியாவின் பேம் நகரையொட்டி 1841 இற் பெயரிட்டவர் மேர்ச்சிசன் ஆவர். அந்நாளில் இந்தியா, ஆபிரிக்கா, தென்னமெரிக்கா, அவுத்திரேலியா, அந்தாட்டிக்கா ஆகியன கொந்துவானா என்னும் ஒரே நிலப்பரப்பாய் இணைந்திருந்தன. தொடக்கத்தில் அதன் பல பகுதிகளைப் பனிக்கட்டி மூடியிருந்தது; பனிக்கட்டி கொணர்ந்த பாறைகளை ஒடிசாவின் தால்ச்சீரில் இன்றுங் காணலாம். பின்னர்ப் பனி உருகவே, தென்முனைக்கு அண்மையிலும் குளொசொப்தெரிசுக் காடுகள் செழித்தன. அக்காடுகள் சதுப்பு நிலங்களிற் புதையுண்டமையாலேயே தாமோதர்ப் பள்ளத்தாக்கின் நிலக்கரி உண்டாயிற்று.

விலங்குகளும் காலநிலையோடு மாறின. உள்நாடுகள் வறளவே, முட்டையிட நீர்நிலையை நாடாத விலங்குகள் பரவின. முதுகிற் பாய் விரித்தாற்போன்ற உறுப்புடைய திமெத்திரோடன் இக்காலத் தொடக்கத்தில் வேட்டையாடிற்று. அதனைத் தைனோசர் என மயங்குவார் உளர்; உண்மையில் அது முலையூட்டிகளின் கிளையைச் சார்ந்தது.

இறுதியிற் சைபீரியாவில் நிலம் பிளந்து எரிமலைக் குழம்பு பெருகிற்று. அது நிலத்தடியிற் கிடந்த நிலக்கரியையும் எரித்தமையால் வளியிற் காபனீரொட்சைட்டு மிகுந்தது, புவி வெப்பமுற்றது, கடல்நீர் ஒட்சிசனை இழந்தது. கடல்வாழ் இனங்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவை அழிந்தன. இருபத்தைந்து கோடி ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்த திரைலோபைற்றுக்களின் மரபு அற்றுப்போயிற்று. குளொசொப்தெரிசும் மறைந்தது. அதன்பின் ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுகள் உலகில் எங்கும் நிலக்கரிப் படை உண்டாகவில்லை.

அன்று நிலக்கரியை எரித்தது எரிமலை. இன்று அதே குளொசொப்தெரிசுக் காடுகளின் கரியை அகழ்ந்தெரிப்பவன் மனிதன். எரிமலை விளைவறியாது செய்தது. விளைவைக் கல்லிற் படித்தறிந்த மனிதனுக்கு அவ்வாறு சொல்லித் தப்புதல் இயலாது.