ஏறு தழுவுதலும் போரும்

ஏறு தழுவுதலைப் போரோடு ஒப்பிடுவது நம் மரபில் பழைமையானது. கலித்தொகையின் முல்லைக்கலி, காளைகளும் இளைஞரும் மோதிய தொழுவை, நூற்றுவரை ஐவர் வென்ற பாரதப் போர்க்களத்திற்கு உவமிக்கிறது. குருதியும் புழுதியும் இரண்டிற்கும் பொதுவே. ஆயினும் இவ்வுவமை எதுவரை செல்லும்?

மாட்டின் பொருட்டு உண்மைப் பூசலே நிகழ்ந்ததற்குப் பழனி மலைத்தொடருக்குத் தெற்கே, வையைப் பள்ளத்தாக்கில் சான்று உண்டு. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமி நடுகற்களுள் ஒன்று, ஆகோள் பூசலில் மாண்ட வீரனுக்கு எடுக்கப்பட்டது. பிறர் ஆநிரையைக் கவர்வதே ஆகோள். தொல்காப்பியர் இதனைக் குறிஞ்சிக்குப் புறனாகிய வெட்சித் திணையில் வைத்தார். ஏறு தழுவுதலோ அகநூலாகிய கலித்தொகையில் இடம்பெற்றது. இந்தப் பாகுபாடே சிந்திக்கத்தக்கது.

போர்க்களத்தில் எதிர்நிற்பவன் பகைவன். தொழுவில் நிற்கும் ஏறோ ஆயர் தாமே வளர்த்தது. போரின் நோக்கம் வீழ்த்துதல். இங்கு நோக்கம் அடக்குதலே, கொல்லுதல் அன்று. அடக்கியவனுக்கு மணமும் ஆயர்க்குக் குரவைக் கூத்தும் வாய்க்கின்றன. இன்றைய சல்லிக்கட்டில் பிடிபடாத காளைக்கும் பரிசு உண்டு. தோற்காத பகைவனுக்குப் பரிசளிக்கும் போர் ஏது? மேலும், வாடிவாசலின் இருபுறமும் தடுப்பு உண்டு. அதன் பின்னே நிற்போர் பார்வையாளர். போருக்கு அத்தகைய வேலி இல்லை. களம் காணாத குழந்தைகளும் முதியோரும் அதில் மடிகின்றனர்.

ஆகவே, வீரனின் துணிவை விளக்க ஏறு தழுவுதல் நல்ல உவமை. போரின் அழிவை விளக்க அது போதாது. போரை விளையாட்டாகப் பேசுவோர், மாட்டுக்காக மாண்டவன் பெயரைச் சுமக்கும் அந்த நடுகல்லை எண்ணிப் பார்த்தல் நன்று.