வீட்டிலே கடைந்து செய்ய எந்த எஞ்சின்?

நம் சங்கத்து அன்பர்களின் வீடுகளில் ஓய்வு பெற்ற டர்னர் ஒருவரோ ஃபிட்டர் ஒருவரோ இருப்பது புதுமையன்று. 1940-இல் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையும், 1953-இல் ஜாலஹள்ளியில் எச்.எம்.டி.யும் இந்நகரில் தோன்றிய பின்னர், பிழைப்பு நாடிப் பெங்களூர் வந்த தமிழர் பலர் லேத்தின் முன் நின்றே குடும்பத்தைக் காத்தனர். அவர்களுடைய மக்களோ இன்று கணினியின் முன் அமர்ந்து பணி புரிகின்றனர். தந்தையின் கைத்திறன் மகனுக்குத் தெரியாது; மகனின் தொழில் தந்தைக்கு விளங்காது. இவ்விருவரையும் ஒரே மேசைக்கு வரவழைக்க வல்ல பொழுதுபோக்கு ஒன்று உண்டு. உள்ளங்கையில் அடங்குவதாயினும் மெய்யாகவே பெட்ரோலை எரித்து ஓடுகின்ற சிற்றெஞ்சின் ஒன்றை வீட்டிலேயே கடைந்து செய்வதுதான் அது.

இதில் முதல் தவறு செய்தவர்கள் யாமே என்பதை ஒப்புக்கொண்டு தொடங்குகிறோம். எம் தந்தையார் நாற்பது ஆண்டுகள் லேத்தில் உழைத்தவர். அவர் ஓய்வு பெற்றதும், படத்தில் கண்ட அழகில் மயங்கி, நான்கு சிலிண்டர் கொண்ட நீர்க்குளிர்ச்சி எஞ்சின் ஒன்றுக்கு வார்ப்புகளை அஞ்சலில் வரவழைத்தோம். மூன்றாம் வாரத்தில் சிலிண்டர் துளையைக் கடைந்துகொண்டிருக்கையில், வார்ப்பின் நடுவே மிளகளவு காற்றுக்குழி ஒன்று வாய் திறந்தது. மாற்று வார்ப்புக்கு எழுதினோம், விடை வரவில்லை. அதற்குள் அவருக்குக் கண்புரை கூடிவிட்டது. அந்தப் பெட்டி இன்றும் பரணில் இருக்கிறது. திறமையில் அவருக்குக் குறைவில்லை. தேர்வில்தான் நாங்கள் தவறினோம்.

கோவைப் பக்கத்து அன்பர்கள் ஜி. டி. நாயுடுவை (1893–1974) அறிவர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்த அவ்விளைஞர், உணவு விடுதியிற் பணி செய்து பொருள் சேர்த்து, அத்தகைய வண்டியொன்றை வாங்கி, ஏறிச் செல்வதற்கு முன் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பூட்டினார். பின்னாளில் 1937-இல் இந்தியாவின் முதல் மின்மோட்டார் அவருடைய முயற்சியில் உருவாயிற்று. எஞ்சின் செய்ய விரும்புவோரும் முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்ப்பதே நன்று. ஓசூரில் 1980 முதல் உருவான டி.வி.எஸ். 50 வண்டியின் பழைய எஞ்சின் ஒன்று பழைய சாமான் கடையிற் கிடைத்தால் போதும். குழந்தைகளைக் கஸ்தூரிபா சாலையிலுள்ள விசுவேசுவரையா அருங்காட்சியகத்தின் எஞ்சின் கூடத்துக்கு ஒருமுறை அழைத்துச் செல்வதும் வீண்போகாது.

இனித் தேர்வுக்கு வருவோம். சிறியது எளியது என்று எண்ணுவோர் பலர். அது பிழை. ஓர் எஞ்சினின் நீள அகல உயரங்களைப் பாதியாக்கினால், உள்ளே எரியும் கலவையின் கொள்ளளவு எட்டில் ஒன்றாகிறது; வெப்பம் கசியும் சுவர்ப்பரப்போ நான்கில் ஒன்றாகவே குறைகிறது. அஃதாவது, எரிகின்ற ஒவ்வொரு துளிக்கும் வெப்பத்தைத் திருடும் சுவர் இருமடங்காகிவிடுகிறது. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே விடும் இடைவெளியும் எஞ்சின் சிறுத்த அளவுக்கு இயல்பாகச் சிறுப்பதில்லை. நாம்தான் சிறுக்கச் செய்ய வேண்டும். ஆகையால் மிகச் சிறிய எஞ்சின் மிகக் கடுமையான ஆசிரியர்.

விளையாட்டு விமானங்களுக்குரிய இருவீச்சு எஞ்சினே இதற்குச் சான்று. மைசூரில் 1961 முதல் உருவான ஜாவா மோட்டார் சைக்கிளைப் போலவே இதற்கும் வால்வு இல்லை, கேம் இல்லை. பிஸ்டனே வாயில்களை மூடித் திறக்கிறது. உறுப்புகள் குறைவு என்பதைக் கண்டு பலர் இதில் கை வைக்கின்றனர். ஆனால் இச்சிறு எஞ்சின்கள் பலவற்றில் பிஸ்டனுக்கு ரிங்கே கிடையாது. தலைமயிரின் தடிமனிற் பத்தில் ஒரு பங்கினும் குறைந்த இடைவெளியில் பிஸ்டனைத் தேய்த்துப் பொருத்தினால்தான் அமுக்கம் நிற்கும். எரிபொருளும் தொல்லையே. ஒருவகைக்கு மெதனாலும் ஆமணக்கெண்ணெயும் வேண்டும். ஆமணக்கெண்ணெய் நம் பாட்டிமார் நமக்குப் புகட்டியதுதான். மெதனாலோ, 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியிற் சாராயத்தில் கலந்து 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த நஞ்சு. மற்றொரு வகைக்கு ஈதர் வேண்டும். அது பெட்ரோலினும் எளிதிற் தீப்பற்றும். பிள்ளைகள் உள்ள வீட்டில் இவ்விரண்டையும் வைத்திருத்தலை யாம் விரும்போம்.

முதல் எஞ்சினுக்கு உகந்தது ஒற்றைச் சிலிண்டர் கொண்ட நான்குவீச்சு வகையே. சென்னையில் 1955 முதல் உருவாகிவரும் புல்லட் வண்டியின் முறைதான் இது: உறிஞ்சல், அமுக்கல், எரிதல், வெளியேற்றல். கிராங்க் இருமுறை சுழன்றால் கேம் ஒருமுறை சுழலும். இதற்கான பற்சக்கரங்களை விலைக்கே வாங்கிவிடலாம். முதல் எஞ்சினிலேயே பல் வெட்டவும் கற்க வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. அமெரிக்கரான ஜோ வெப்ஸ்டர் வரைந்த எஞ்சின் ஒன்று இவ்வகையிற் பெயர் பெற்றது. வார்ப்பு எதுவும் வேண்டாம். இரும்பு, அலுமினியத் தண்டுகளிலிருந்தே முழுவதையும் கடைந்துவிடலாம். வரைபடமும் இலவசமாகக் கிடைக்கிறது. ஓர் உறுப்பு கெட்டால் இன்னொரு துண்டு தண்டோடு இழப்பு தீர்ந்தது. எம் பரண் பெட்டியை நினைக்குந்தோறும் இதன் அருமை தெரிகிறது.

கிணற்று மேட்டு ஆயில் எஞ்சினின் ஓசையில் வளர்ந்தவர்களுக்கு மற்றொரு வகை மிகவும் பிடிக்கும். இரு பெரிய பிளைவீல்கள் கொண்ட இவ்வெஞ்சின் வேகம் மிகுந்தால், சக்கரத்திலுள்ள எடைகள் விலகி, புகைபோக்கி வால்வைத் திறந்தபடியே நிறுத்திவிடும். சிலிண்டருக்குள் வெற்றிடம் உண்டாகாததால் புதுக்கலவை உள்ளே வாராது. எஞ்சின் சும்மாவே சுற்றும். வேகம் தணிந்ததும் எடைகள் ஒடுங்கி, மறுபடி ஒரு வெடி. ஒரு வெடி, பல பெருமூச்சு என்று அது ஓடுவதைக் கண்டால் பேரப்பிள்ளைகள் மேசையை விட்டு நகரமாட்டார்கள். இரண்டாவது எஞ்சினாக இதைச் செய்யலாம். விமானங்களுக்குரிய நட்சத்திர வடிவ எஞ்சின்களைப் பற்றி இப்போது கனவு மட்டும் காண்க.

கருவிகளைப் பற்றிச் சில சொற்கள். எச்.எம்.டி. லேத் மேல்மாடி வீட்டுக்கு ஆகாது. மேசை மீது வைக்கும் சிறு லேத் போதும். தண்டுகளுக்குப் பீன்யாவிலும், சில்லறைக் கருவிகளுக்கு எஸ்.பி. ரோட்டிலும் தேடலாம். வெளிநாட்டு வரைபடங்கள் பல அங்குலக் கணக்கில் இருக்கும். இங்கே தண்டோ மில்லிமீட்டரில் வரும். கால் அங்குலம் 6.35 மில்லிமீட்டர், கடையிற் கிடைப்பது 6. தொடங்குமுன் வரைபடம் முழுவதையும் ஒரே முறையில் மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். நடுவழியில் மாற்றப் புகுந்தால் தண்டும் துளையும் ஒன்றோடொன்று பேசா. எஞ்சினை மொட்டைமாடியில் மட்டுமே ஓட்டுக. மூடிய பால்கனியில் அதன் புகை, மணமும் நிறமும் அற்ற நஞ்சைச் சேர்க்கும்.

இரண்டாம் முறை யாம் ஒற்றைச் சிலிண்டரையே தேர்ந்தெடுத்தோம். கடைந்தவள் எம் மகள். அருகில் நாற்காலியிட்டு அமர்ந்தவர் தாத்தா. பதினான்கு மாதங்கள் ஆயின. ஆனால் எஞ்சின் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உயிர் கொள்ள மறுத்தது. பிளக்கை மாற்றினோம், கார்புரேட்டரைத் திருகினோம், பயனில்லை. நான்காம் ஞாயிறு அவர் எஞ்சினைத் தம் காதருகே கொண்டுவரச் சொல்லி, பிளைவீலை மெல்லத் திருப்பிப் பார்த்தார்.

"கண்ணு, புகை வால்வு ஊதுது. கழட்டி இன்னொரு தரம் தேயி" என்றார்.

தேய்த்தாள். அன்று மாலை அது நாற்பது வினாடி ஓடிற்று. பரண் பெட்டியை இறக்கலாமா என்று அவர் கேட்டிருக்கிறார்.