நாவடக்கமும் கூலியின் குரலும்

இன்சொல், சாந்தம் ஆகியன பற்றிய கிறிஸ்தவ அறவுரைகள் பெரும்பாலும் தனிமனித ஒழுக்க விதிகளாகவே விளக்கப்பட்டு வந்துள்ளன. ஆயின், யார் யாரிடத்து மென்மையாகப் பேச வேண்டும் என்னும் வினா சமூக உறவுகளோடு தொடர்புடையது. புதிய ஏற்பாட்டின் இரு நிருபங்களை இந்நோக்கில் அணுகுதல் பயனுடையது.

எபேசியருக்கு எழுதப்பட்ட நிருபம் தீய பேச்சைச் சுட்ட 'சப்ரொஸ்' என்ற கிரேக்கச் சொல்லை ஆளுகின்றது. மத்தேயு நற்செய்தியில், வலையிற்பட்டு ஆகாதென எறியப்படும் மீனைக் குறிப்பதும் இச்சொல்லே. கெட்டுப்போன சொல்லைத் தவிர்த்து, கேட்போரை வளர்க்கும் சொல்லையே பேசவேண்டும் என்பது கருத்து. அதே நிருபம் அடிமைகளைக் கீழ்ப்படியுமாறு பணிக்கின்றது. எசமானரிடமோ அச்சுறுத்திப் பேசுவதை விடுமாறு கோருகின்றது. அடிமையின் உடல்மீது எசமானனுக்கு உரிமையிருந்த உரோம சமுதாயத்தில் அச்சுறுத்தல் வெற்றுச் சொல்லாக இருக்கவில்லை. ஆதலின் இக்கோரிக்கை மனங்கொள்ளத்தக்கது. எனினும் அடிமையுடைமை இங்கு வினாவுக்குட்படவில்லை. சொல் மென்மையுற்றது, உடைமையுறவு மாறவில்லை.

யாக்கோபு நிருபம் ஒருபடி முன்செல்கின்றது. கடிவாளம், சுக்கான், காட்டை எரிக்கும் சிறுபொறி ஆகிய உவமைகளால் நாவின் ஆற்றலை அது விளக்குகின்றது. இறைவனைப் போற்றும் வாயே அவர் சாயலிற் படைக்கப்பட்ட மனிதரைச் சபிப்பதைக் கண்டிக்கின்றது. சபைக்கு வரும் பொன்மோதிரக்காரருக்கு நல்லாசனம் காட்டி, கந்தை உடுத்த ஏழையை நிற்கச் சொல்வதும் அதன் நோக்கிற் குற்றமே. உணவும் உடையுமற்றவருக்கு எதுவும் கொடாது ஆறுதல் மட்டும் கூறியனுப்பும் இன்சொல்லைப் பயனற்றதெனத் தள்ளுகின்றது. ஈற்றில், அறுவடைத் தொழிலாளரின் கூலியைப் பிடித்துவைத்த செல்வரை மிகக் கடுமையாகச் சாடுகின்றது. அங்கே கொடுபடாத கூலியே கூக்குரலிடுகின்றது.

நாவடக்கம் கற்பித்த நிருபமே இவ்வாறு பேசுவது முரண்பாடாகத் தோன்றலாம். ஆயின், சபித்தல் மனிதனை இழிவுபடுத்துவது. கண்டித்தல் இழிவுபடுத்தப்பட்டோர் பக்கம் நிற்பது. இரண்டுக்கும் அடிப்படை மனித மாண்பு பற்றிய ஒரே கருத்தே எனலாம். 1894இல் ஏங்கெல்ஸ் ஆதிக் கிறிஸ்தவத்தை ஒடுக்கப்பட்டோரின் இயக்கமாகக் கண்டமை இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. சமயத்தை வெறும் மயக்கமருந்தென ஒதுக்குவோரும், சாந்தத்தை எளியோரின் மௌனமாகப் போதிப்போரும் ஒருங்கே காணத்தவறுவது இதனையே.